சங்கத்தின் பெயரைச் சுமக்கும் பை

கல்யாணப் புடவை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டால், நம் வீடுகளில் எவரும் யோசிப்பதில்லை. ஆணியில் தொங்கும் மஞ்சள் பையைப் பார்த்துச் சொல்லிவிடுவர். கடையின் பெயரும் ஊரும் அச்சிட்ட அந்தப் பை, புடவை நைந்த பிறகும் சந்தைக்குப் போகும். வீட்டுப் பத்திரங்களைக் காக்கும். பத்திரிகை விளம்பரம் மறுநாளே பழையதாகிவிடும். பையோ பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் நாலு பேர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சுமப்பவருக்கு நாம் கூலி தருவதுமில்லை.

தினசரிக் காலண்டரும் அவ்வாறே. தாள் கிழிபடும், பெயர் சுவரில் நிற்கும். ஆடிப் பெருக்கன்றே சிவகாசி அச்சகத்தார் அடுத்த ஆண்டின் மாதிரிகளை வெளியிட்டுவிடுவது வழக்கமாதலால், மார்கழியில் விழித்துக்கொள்ளும் சங்கங்கள் இதில் பிந்திவிடுகின்றன.

2018 தீபாவளி விற்பனையின்போது ஒரு கைத்தறிச் சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். துணி வாங்கியோருக்கெல்லாம் சங்கத்தின் பெயர் பொறித்த பளபளப்பான பை வழங்கினர். முதிய அங்கத்தினர் ஒருவர் அதைக் கையில் தேய்த்துப் பார்த்து, "ஐயா, இதை நெய்தது எந்த ஊர்த் தறிங்க?" என்று வினவினார். எந்தத் தறியும் நெய்யவில்லை. பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய பை அது. வியாபாரிகளே அதற்கு 'நெய்யாத பை' என்றுதான் பெயர் வைத்திருக்கின்றனர். நெசவாளர் சங்கத்தின் பெயர் அதன்மேல்! போதாக்குறைக்கு, 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அத்தகைய பைகளுக்குத் தடை என்று அரசு அந்த ஜூன் மாதமே அறிவித்திருந்தது. பொங்கல் விற்பனைக்கு ஒரு பையும் உதவவில்லை.

துணிப் பைக்குச் செலவு அதிகம் என்பர் சிலர். கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமுள்ள காடாத் துணியில் 90 செ.மீ. நீளம் வெட்டினால், 40 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமுமான இரண்டு பைகள் தைக்கலாம்; மிஞ்சும் 20 செ.மீ. பட்டை கைப்பிடிகளுக்குப் போதும். விற்காமல் தேங்கிய துணியையே இதற்கு எடுக்கலாம். ஆனால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் பெற்று, அடக்க விலையை விளம்பரச் செலவில் எழுத வேண்டும். இல்லையேல் அது சரக்கு இருப்பில் குறைவாக நிற்கும். நாமும் அதைக் குறிப்பெழுதாமல் விட இயலாது.

பையில் தலைவரின் படம் வேண்டாம். தலைவர் மாறுவார், பை மாறாது. சங்கத்தின் பெயர், ஊர், நெய்யும் சரக்கு, தொலைபேசி எண் இவை போதும். அச்சிடுமுன் ஒரு பையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பையின் சாயம் வாடிக்கையாளரின் வேட்டியில் ஏறினால், அந்த ஞாபகமும் நெடுநாள் நிற்கும்!

விவசாயிகளின் விற்பனைச் சங்கங்கள் மஞ்சள் தூளையோ பருப்பையோ சிறு சுருக்குப் பையில் மாதிரியாக வழங்கலாம். அப்பைகளை அருகிலுள்ள நெசவாளர் சங்கத்திடமே வாங்கினால் இரண்டு சங்கங்களின் பெயரும் ஒரே பையில் செல்லும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து துணிப் பையைப் பழைய காலத்துப் பொருளென்று எவரும் நகைப்பதில்லை.

முன்சொன்ன சங்கத்தில் மிஞ்சிய நெய்யாத பைகள் இரண்டு மூட்டைகள் கிடங்கில் கிடக்கின்றன. அவற்றின் மதிப்பை நஷ்டத்தில் எழுதும் தீர்மானம் வரும் மகாசபையில் வைக்கப்படுகிறது.