ஒரு தோல் பையும் நம் சங்கச் சரக்கும்

நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நமது அங்கத்தினர்களுக்குத் தோல் கைப்பையைப் பற்றி என்ன பேச்சு என்ற வினா எழுதல் இயல்பே. ஆயினும், பூவேலையோ பளபளப்போ இல்லாத ஒரு சாதாரணத் தோற்றமுடைய பை, பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோவது எவ்வாறு என்பதை ஆராய்ந்தால், நம் வேட்டிக்கும் துண்டுக்கும் மிளகாய்க்கும் கிடைக்கும் விலை ஏன் உயரவில்லை என்பது ஓரளவு விளங்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கதையின் வேர் நம் கரிசல் சீமைக்கு அயலானதன்று. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகையில் நாம் பறித்து வரும் ஆவாரைச் செடியின் பட்டை, தோல் பதனிடுவதற்கு மிகச் சிறந்த பொருள்களுள் ஒன்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடப்பெற்ற ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும், 19ஆம் நூற்றாண்டிலேயே 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் இங்கிலாந்துக்குச் சென்றன. ஆனால் சென்றது அரைகுறையாக முடிக்கப்பட்ட தோலே. சாயமேற்றி, மெருகேற்றி, காலணியாகவும் பையாகவும் தைத்து விற்றவர்கள் அயல்நாட்டார். உழைப்பின் முதற்பகுதி இங்கே நடந்தது. இலாபத்தின் பெரும்பகுதி அங்கே தங்கியது. இந்நிலையை மாற்றும் பொருட்டு, 1972இல் சீதாராமையா குழு, அரைகுறைத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த பொருள்களின் உற்பத்தியை ஊக்குவிக்குமாறு பரிந்துரைத்தது. அதன்பின் நாட்டின் தோல் தொழில் படிப்படியாகத் திசை மாறிற்று.

இக்காலத்தை ஒட்டியே, 1978இல், புதுச்சேரியில் 'ஹைடிசைன்' என்னும் மார்க்கா தோன்றியது. இதனைத் தொடங்கியவர் திலீப் கபூர். அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர், இருவர் மட்டுமே வேலை செய்த ஒரு சிறு பட்டறையாக இதனை ஆரம்பித்தார். சரக்கு முதலில் அயல்நாட்டுக் கடைகளிலேயே விற்பனையாயிற்று. இந்நாட்டில் தன் பெயரில் கடைகள் திறந்தது பின்னரேயாம்.

இப்பட்டறை தெரிந்தெடுத்த வழியைக் கவனித்தல் வேண்டும். குரோமிய உப்பினால் பதனிடும் முறை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் சென்னையில் பரவியது. அது விரைவானது, மலிவானது. பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஆகும் வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆயினும் ஹைடிசைன், மரப்பட்டை, விதை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலையும், அசல் பித்தளையாலான பூட்டு, கொக்கிகளையும் தன் அடையாளமாகக் கொண்டது. தோலின் இயற்கையான வரிகளை வர்ணத்தால் மூடி மறைக்கவில்லை. விரைவு முறையின் கேட்டைப் பாலாற்றுப் படுகை மக்கள் நன்கறிவர். அங்குள்ள பதனிடும் சாலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையான தீர்ப்பு வழங்கியது.

எளிமையான பொருளுக்கு உயர்ந்த விலை எங்ஙனம் கிடைக்கிறது? அலங்காரம் மிகுந்த பையில் தையல் கோணினாலும் தோல் மெலிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெறுமையான பையில் ஒரு தையல் பிசகினாலும் தெரிந்துவிடும். ஆகவே எளிய பொருளைச் செய்வது எளிதன்று. நூல் ஏறுமாறான இடத்தைப் பூப்போட்ட சேலை மறைத்துவிடும், வெள்ளை வேட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அருப்புக்கோட்டை, எட்டயபுரம் நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் விலை, 'இப்பெயர் பொறித்த சரக்கு ஒருபோதும் ஏமாற்றாது' என்ற நம்பிக்கைக்கே. அந்நம்பிக்கை ஒரு நாளில் வருவதன்று; ஆனால் ஒரே நாளில் போய்விடக் கூடியது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அக்குறியீடு ஊர்ப்பெயரைப் பிறர் களவாடாமல் காக்குமேயன்றி, பாகு பதம் தவறிய மிட்டாயை நல்லதாக்கிவிடாது. அவ்வாறே, 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்று சான்று கூறும். எந்தச் சங்கத்தார் நெய்தது, எத்தனை வெளுப்புக்குச் சாயம் நிற்கும் என்று கூறாது. அதனைக் கூற வேண்டியது சங்கத்தின் சொந்த மார்க்காவே. நம் சரக்கோ பெரும்பாலும் பெயரின்றியே வியாபாரியின் கைக்குப் போகிறது. அவர் தம் பெயரை ஒட்டி விற்கிறார். கிழக்கிந்தியத் தோலுக்கு நேர்ந்த கதியே நம் துணிக்கும் மிளகாய்க்கும் நேர்கிறது எனலாம்.

இங்கே ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. புதுச்சேரி மார்க்கா ஒரு தனியார் உடைமை. அதன் பெயரால் வரும் ஊதியம் உடைமையாளரைச் சேரும். கூட்டுறவுச் சங்கத்தின் மார்க்காவோ அங்கத்தினர் அனைவரின் சொத்து. குஜராத்தில் 1946இல் தோன்றிய கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் வளர்த்த 'அமுல்' என்ற பெயர் இதற்குச் சிறந்த சான்று. பால் கறக்கும் குடியானவர்களே அப்பெயருக்கு உரியவர்கள்.

மார்க்கா வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது. கடினமான கேள்வி ஒன்று உண்டு: தரம் குறைந்ததென ஒதுக்கப்படும் துணியின் நட்டத்தை யார் தாங்குவது? நெய்தவர் தலையிலேயே சுமத்தினால், சோதிப்பவர் தாட்சண்யத்தினால் கண்ணை மூடிக்கொள்வார். மார்க்கா அன்றே அழியும். ஒரு உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். 100 வேட்டிகளில் 6 ஒதுக்கப்பட்டு, பெயர் பொறிக்காமல் ஒவ்வொன்றும் 100 ரூபாய் குறைவாக விற்கப்படுகின்றன என்று கொள்வோம். நட்டம் 600 ரூபாய். எஞ்சிய 94 வேட்டிகளின் மீது பரப்பினால், வேட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 40 பைசாவே ஆகும். மார்க்காவினால் வேட்டிக்கு அதனினும் கூடுதலாக விலை கிடைக்குமாயின், நெய்தவர் கூலியில் கை வைக்காமலே சங்கம் இந்நட்டத்தை ஏற்கலாம். ஒரே நெசவாளரின் துணி அடிக்கடி ஒதுக்கப்பட்டால், அபராதம் விதிப்பதற்கு முன் அவருடைய தறியையும், சங்கம் அவருக்குக் கொடுத்த நூலையும் பார்வையிடுதல் முறையாகும். குற்றம் பலவேளை நூலிலேயே இருக்கும்.

விளைபொருளுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஈரம் காயாத மிளகாயையும், வண்டு விழுந்த உளுந்தையும் நல்ல சரக்கோடு கலந்து நிறை கூட்டுவதனால் வரும் இலாபம் ஒரு சந்தை நாளோடு தீரும். கெடும் பெயரோ சங்கம் முழுவதற்கும் உரியது.

அங்கத்தினர்கள் அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புதல் நலம். நம் சரக்குகளுள் பெயர் பொறித்து விற்கத் தகுந்த ஒரே பொருள் எது? அதனைச் சோதிப்பவர் யார்? ஒதுக்கியதன் நட்டம் எந்தக் கணக்கில் எழுதப்படும்? இம்மூன்றிற்கும் விடை காணும் சங்கம், ஒரே ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டேனும் தன் பெயரை நாட்டத் தொடங்கலாம்.