சம்பளமில்லாத சங்கத்துக்குச் சம்பளத் தலைமை

அயர்லாந்தின் தர்லஸ் என்ற சிறுநகரில், 1884 நவம்பர் 1 அன்று ஒரு விடுதியில் கூடியவர்கள் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், இன்றும் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் தராத அமைப்பாகவே நீடிக்கிறது. மட்டையால் சிறு தோல்பந்தை அடித்தாடும் ஹர்லிங்கும், கையாலும் காலாலும் ஆடப்படும் கேலிக் கால்பந்தும் அதன் முதன்மை ஆட்டங்கள். பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதி, என்ற எல்லையை ஒட்டியே பெரும்பாலான கிளப்புகள் அமைந்திருக்க, மைதானத்தில் புல் வெட்டுவது முதல் சிறுவர்களுக்குப் பயிற்சி தருவது வரை ஊராரே கூலியின்றிச் செய்கின்றனர். டப்ளினில் 82,300 பேர் கூடும் க்ரோக் பார்க் அரங்கில் அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தவரும், கொண்டாட்டம் அடங்கியதும் வகுப்பறைக்கோ பண்ணைக்கோ திரும்பியாக வேண்டும். இப்படிப்பட்ட அமைப்புக்குச் சம்பளம் கொடுத்து ஒரு தலைமை இயக்குநரை அமர்த்துவது, வணிக நிறுவனத்துக்கு மேலாளரைத் தேடுவதைப் போன்ற வேலை அல்ல.

சங்கத்தின் தலைவர் பேராளர் மாநாட்டில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுபவர். ஐரிஷ் மொழியில் ‘ஆர்ட் ஸ்டூர்ஹோர்’ எனப்படும் தலைமை இயக்குநரோ நியமிக்கப்படும் ஊழியர். செயலாளர் என்ற பெயரில் அப்பொறுப்பை 1901இல் லூக் ஓ’டூல் ஏற்றது முதல் இன்றுவரை அதில் அமர்ந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. அவர்களுள் முதல் இருவரும் பதவியில் இருக்கும்போதே காலமானார்கள். 1979 முதல் 2008 வரை அப்பதவியில் இருந்த லியாம் மல்விஹில், பல தலைவர்கள் வந்துபோனதைப் பார்த்தவர். நியமனம் ஒன்று தவறிப்போனால் அதன் பலனை ஒரு தலைமுறையே அனுபவிக்க நேரிடும் என்பதால், தேர்வு செய்வோரின் தயக்கத்தைக் குறைசொல்வதற்கில்லை.

இத்தனை நீண்ட பதவிக்காலம் இருந்தும், அதற்குரிய ஆணை அதிகாரம் சிறிதே. சம்பளம் வாங்காத தொண்டரை வேலையை விட்டு நீக்குவதாக மிரட்ட முடியாது; விதியை மாற்ற மாநாட்டின் வாக்கு வேண்டும். ரக்பிக்கும் கால்பந்துக்கும் க்ரோக் பார்க்கைத் திறந்துவிடுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 2005இல் 227க்கு 97 என்ற வாக்குகளில்தான் அது கைகூடியது. 2008இல் பொறுப்பேற்ற பாரிக் டஃபி, அணி மேலாளர்களுக்கு மறைவாகப் பணம் கொடுக்கப்படும் வழக்கம் குறித்து 2012இல் ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டார். இப்படியே விட்டுவிடுவதா, விதியைக் கறாராக அமல்படுத்துவதா, கொடுப்பதை வெளிப்படையாக முறைப்படுத்துவதா என்று மூன்று வழிகளைக் காட்டியதே அவரால் இயன்றது. தெரிவு செய்ய வேண்டியவர்கள் மாவட்டக் குழுவினர். ஊர் முழுக்கத் தெரிந்தும் யாரும் வாய்திறக்காத ஒன்றைப் பொதுவில் பேசவைத்ததுகூட இப்பதவியில் சிறிய காரியமன்று.

டஃபி மோனஹனில் பள்ளி முதல்வராக இருந்தவர். 2018இல் அவருக்குப் பின் வந்த டாம் ரயன், 2007 முதல் சங்கத்தின் நிதி இயக்குநராக இருந்தவர். ஒளிபரப்பு உரிமையும் அரங்க வருவாயும் பெருகிவிட்ட காலத்தில் கணக்கறிந்தவர் தேவைப்பட்டது இயல்பே; ஆயினும் கணக்கறிந்தவர் வெளியில் எத்தனையோ பேர் இருக்க, பத்தாண்டுக்கு மேல் உள்ளேயே இருந்தவரிடம் பொறுப்பு சென்றதுதான் கவனிக்கத்தக்கது. எந்த மாவட்டச் செயலாளரிடம் எப்போது பேச வேண்டும் என்பது தன்விவரக் குறிப்பில் இடம்பெறும் தகுதியன்று.

ஹர்லிங்கின் பெண்கள் வடிவமான கமோகிக்கான சங்கமும், 1974இல் தோன்றிய மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கமும் தனித்தனித் தலைமை அலுவலர்களுடன் இயங்கிவருகின்றன. முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் தலைமையிலான குழு, இவ்விரண்டையும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தோடு 2027க்குள் இணைக்க இலக்கு வகுத்துள்ளது. அது நிறைவேறினால் மூன்று நாற்காலிகளின் இடத்தில் ஒன்றே மிஞ்சும். ஒரே ஊரின் ஒரே மைதானத்தை எந்த மாலையில் யாருக்கு விடுவது என்ற பூசலும் அந்த ஒருவரின் மேசைக்கே வந்துசேரும்.