வீட்டில் புலி, மேடையில் எலி! கச்சேரியில் கிதார் காணாமல் போவது ஏன்?

தென்காசி-

காணாமல் போன ஆட்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறோம். இது காணாமல் போன கிதாரின் கதை!

கோவில் கொடை, கல்யாண வீடு, குற்றாலம் சாரல் விழா... தென்காசி வட்டாரத்தில் இன்னிசைக் கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. மேடையில் கிதார்காரரின் விரல் பறக்கும். தலை ஆடும். சத்தம் மட்டும் கூட்டத்துக்கு வந்து சேராது! "அண்ணாச்சி, கிதாரைக் கொஞ்சம் கூட்டுங்க" என்று மைக்செட்காரரிடம் கெஞ்சுவார். "இதுக்கு மேல கூட்டுனா மைக்கு கூவும்லா!" என்று பதில் வரும்.

திருடியது யார்?

வெளியாள் யாருமில்லை. பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகள்தான்!

பேஸ் கிதாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிரும். சாதாரண கிதாரின் தடித்த கம்பி 82 முறை. கீழ்ப்பக்கம் முழுவதையும் பேஸ் கிதாரும் டிரம்ஸின் பெரிய உருளையும் பிடித்துக்கொள்கின்றன. மேல்பக்கம் டிரம்ஸ் தட்டுகளின் "சல்... சல்". கிதாருக்கு மிச்சம் இருப்பது நடு வீடுதான். சுமார் 500 முதல் 3,000 அதிர்வு வரை. அங்கேயும் பாடகரும் கீபோர்டும் குடியிருக்கிறார்கள்!

வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி, மிடிலைக் குறைத்தால் தேனாக இனிக்கும். அதே திருகலோடு மேடை ஏறினால் போச்சு! கூட்டினதை மற்ற கருவிகள் விழுங்கிவிடும். தனக்கென்று இருந்த நடுவை அவரே வெட்டிவிட்டார். பெண்டர் டுவின் ரிவர்ப் போன்ற ஆம்ப்ளிபயர்களில் மூன்று திருகையும் பாதியில் வைத்தாலே நடு பள்ளமாகத்தான் இருக்கும்.

பரிகாரம்? பேஸைக் குறை; மிடிலைக் கூட்டு. தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். கூட்டத்தோடு சேரும்போது பளிச்சென்று நிற்கும். கரகரப்பையும் எதிரொலியையும் பாதியாக்க வேண்டும். கரகரப்பு மிஞ்சினால் கம்பியைத் தட்டும் "டக்" செத்துவிடும்.

வாட்ஸ் கூட்டினால்?

50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க 10 டெசிபல் வேண்டும். அதற்கு 500 வாட்! அதைக் கேட்டு டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார். கீபோர்டுக்காரரும் கூட்டுவார். சண்டை முற்றும். ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ம் ஆண்டு விதிகள். தனி அனுமதி இல்லாவிட்டால் போலீஸ் வந்துவிடும்!

இன்னொரு சங்கதி. ஆம்ப்ளிபயரைத் தரையில் வைத்தால் சத்தம் வாசிப்பவரின் கெண்டைக்காலுக்குத்தான் போகும். காலுக்குக் காது ஏது? கேட்கவில்லையே என்று கூட்டுவார். முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். ஒரு நாற்காலியில் தூக்கி, முகத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

விட்டுக்கொடுத்தாலும் கேட்கும். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தில் இளையராஜாவின் நிலாப் பாட்டைக் கேளுங்கள். ஆரம்பத்தில் கிதார்தான் முன்னால் நிற்கிறது. மற்றவர்கள் வழி விட்டிருக்கிறார்கள்!

ஈரக் கை... எமன்!

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மேடை நனையும், கை நனையும். கிதார் கம்பி ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு சேர்ந்தது. மைக்கின் இரும்பு மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. ஒன்றில் எர்த் இல்லாமல் கரண்டு கசிந்தால், கையில் கம்பி, உதட்டில் மைக்... உடம்பே ஒயர்!

1972 மே 3-ம் தேதி பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் இப்படித்தான் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27.

ஆகவே கிதார்காரத் தம்பிகளே! முதலில் எர்த், பிறகு மிடில், கடைசியில்தான் வால்யூம்!