கதவுக்கு வெளியே நின்றது யார்?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேய்க்கதை எழுதச் சொல்லிப் பாருங்கள். அமாவாசை, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசனை எல்லாம் இருக்கும். மூன்றாவது வரியிலேயே பேயும் வந்துவிடும். பயம் மட்டும் வராது.

பேயைச் சீக்கிரம் காட்டிவிடுவதுதான் கோளாறு. இதைப் புரியவைக்க, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' நல்ல பாடம்.

மூன்று வரம் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் அது. இந்தியாவிலிருந்து அதைக் கொண்டுவந்த ராணுவக்காரர், ஆபத்து என்று அடுப்பில் வீசுகிறார். வீட்டுக்காரர் பாய்ந்து எடுத்து 200 பவுண்ட் கேட்கிறார். மறுநாளே பணம் வருகிறது. ஆலை இயந்திரத்தில் சிக்கி மகன் இறந்ததற்கான தொகை அது! புதைத்த மகனைத் திரும்பக் கேள் என்று தாய் கதறுகிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளோடு போராட, தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறந்தால் வெறும் தெரு.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு, வாசலில் நின்றதை வரையச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் நாற்பது உருவம் வரைவார்கள். ஜேக்கப்ஸ் ஒன்றைக்கூட வரையவில்லை. மூன்றாவது வரம் என்ன என்பதைக்கூட அவர் சொல்லவில்லை.

பிறகு பேய்க்கதையின் இலக்கணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்: ஒதுக்குப்புற வீடு, மழை இரவு, மதிக்காத எச்சரிக்கை, ஆசைக்கு விலை, கண்ணுக்கு முன் காதுக்கு வரும் பயம். அடுத்து புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்குப் போகலாம். மனைவி வீட்டில் சேர்த்துக்கொண்ட பிச்சைக்காரி பேயா, கதை சொல்பவரின் பிரமையா? கடைசிவரை பிடி கொடுக்க மாட்டார்.

"ராத்திரி பயந்து உளறுவானே" என்பார்கள் பெற்றோர். பயம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்த பிள்ளை, வாட்ஸ்அப்பில் வரும் பேய் வீடியோவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வீட்டில் அண்மையில் சாவு நடந்த பிள்ளைக்கு இந்தக் கதை வேண்டாம், வேறு கொடுங்கள்.

1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில், விடாத மழையில் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அந்த நண்பர்களில் ஒருவரான மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' அப்படிப் பிறந்ததுதான். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. உங்கள் கடைசி பெஞ்சுக்காரர்களைவிட மூன்று வயதுதான் கூடுதல்.