இஞ்சினுக்கும் ஒரு காது உண்டு!

தோட்டத்தில் வாழும் நமக்கு மோட்டார் காடி ஆடம்பரப் பொருள் அல்ல. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பட்டணத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பஸ் வரும் பெரிய சாலையோ வெகு தூரம். அதற்காகவே சீட்டுக் கட்டி, பதினைந்து இருபது ஆண்டு ஓடிய பழைய காடியை வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு நாள் அதில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறைக்காரர், "நாக் சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார். அது என்ன, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கத் தெரியாமல் சம்பளப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். வாசகர்களே, கொடுக்கும் முன் சற்றே தெரிந்துகொள்வோமே!

'நாக்' என்பது எது?

இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை 'பிளக்'கின் பொறிதான் பற்ற வைக்க வேண்டும். தீ சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். மேடு ஏறும்போது, தகர டின்னில் கோலிகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒலி கேட்கிறதே, அதுதான் 'நாக்'. கடுமையான நாக்கைக் கவனியாமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

இதைக் கேட்கும் காதுதான் நாக் சென்சர். இஞ்சின் உடம்பில் திருகி வைத்த சிறு பொருள். அதனுள்ளே, அழுத்தினால் மின்சாரம் தரும் பண்டம் ஒன்று இருக்கிறது. இந்தத் தன்மையை 1880இல் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினால் 'டக்'கென்று பொறி பறக்கிறதல்லவா? பல அடுப்புகளில் அதுவும் இதே தத்துவம்தான். நாக் கேட்டதும் இஞ்சினின் கணினி பொறி விடும் நேரத்தைச் சற்றே தள்ளி வைக்கும், நாக் அடங்கும்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் காடிகளில் இது கிடையாது. பின்னாளில் வந்த இஞ்செக்‌ஷன் காடிகள் பலவற்றில் உண்டு.

காது கெட்டதா, நோய் வேறா?

நாய் குரைத்தால் திருடனைத் தேடுவோமா, நாயை மாற்றுவோமா? நாக் ஒலி காதில் விழுந்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த ரோன் எண்ணெய் ஊற்றுகிறோமா? இஞ்சின் அதிகம் சூடாகிறதா? உள்ளே கரி படிந்திருக்கிறதா? பொருந்தாத பிளக் போட்டிருக்கிறார்களா? இவற்றில் எதையும் புதுச் சென்சர் தீர்க்காது.

ஒலி இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது, மேடு ஏறத் திணறுகிறது என்றால், காது கேளாத கணினி முன்னெச்சரிக்கையாகப் பொறியைத் தள்ளி வைத்திருக்கலாம். எண்ணெய்ச் செலவும் கூடும். சோதனைக் கருவியில் பி0325 என்ற குறியீடு வந்தால், அது சென்சரையும் அதன் மின்சுற்றையும் சேர்த்தே குறிக்கும். கம்பியை எலி கடித்திருக்கலாம், இணைப்பில் அழுக்கோ நீரோ புகுந்திருக்கலாம், ஆணி தளர்ந்திருக்கலாம். சென்சருக்கென்று தனிப் பராமரிப்பு இல்லை. இவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதே பராமரிப்பு.

மாற்றும்போது

இஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். இணைப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது; கொக்கியை அழுத்தி எடுக்க வேண்டும். சென்சர் உட்காரும் இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். இரும்போடு நேரே ஒட்டி நின்றால்தான் காது கேட்கும். ஆகவே, வளையம் போன்ற சென்சருக்கு அடியில் கிரீசோ வாஷரோ வேண்டாம். இவ்வகைக்கு வழக்கமான முறுக்கு அளவு சுமார் 20 நியூட்டன் மீட்டர். உங்கள் காடியின் கையேட்டையும் பாருங்கள். தளர்ந்திருந்தாலும் தவறாகக் கேட்கும், இறுக்கிவிட்டாலும் தவறாகக் கேட்கும். கீழே விழுந்த சென்சரைப் பொருத்தாதீர்கள். பழைய சாமான் கடைச் சென்சர் எத்தனை முறை விழுந்ததோ, யார் கண்டது? சென்சரைத் துண்டித்துக் கணினியை ஏமாற்றும் குறுக்கு வழியும் வேண்டாம். காவலனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அது சமம்.

பல காடிகளில் சென்சர் காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் சாமான் விலையைவிடக் கூலி கூடலாம். ஒரு தடவைக்கு இரு தடவை கழற்றினால் நட்டம் நமக்குத்தான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "என்ன குறியீடு வந்தது? கம்பியையும் இணைப்பையும் பார்த்தீர்களா? டார்க் ஸ்பானர் வைத்திருக்கிறீர்களா?" நல்ல பட்டறைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். பதில் கிடைத்த பிறகு பணப்பையைத் திறங்கள்.