நிக்காஹ் பதிவு எங்கே இருக்கிறது? கேட்டுப் பெறுவது எப்படி?

 

ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும்போது நம்மைத் தேடி வருபவர்கள் எல்லாரும் தொழுகை, நோன்பு பற்றிக் கேட்க வருவதில்லை. "ஹஜ்ரத், எங்க நிக்காஹ் எழுதின காகிதம் இப்ப கிடைக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நம் கோம்பையில் ஒரு சகோதரி அப்படித்தான் வந்தார். கணவர் மவுத்தாகி இத்தா முடிந்திருந்தது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது அவர் மனைவிதான் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். நான்கு பிள்ளைகள், முப்பது ஆண்டுகளுக்கு மேலான இல்லறம். கையில் ஒரு தாள் இல்லை. குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வேறு பெயர்.

அவருடைய நிக்காஹ் பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடந்தது. அங்கே நிர்வாகம் பல முறை மாறிவிட்டது. பழைய தஃப்தர் பள்ளியில் இல்லை. முன்னாள் நிர்வாகி ஒருவர் வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தாலும் அவருடைய பக்கம் தப்பியிருந்தது. மணமக்கள் பெயர், வலீ, வக்கீல், இரு சாட்சிகள், மஹர் தொகை எல்லாம் இருந்தன. சாட்சிகளில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார்.

அந்தப் பக்கத்தையும் கரையான் தின்றிருந்தால்? இந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஈஜாப், கபூல், சாட்சிகள் என்று ஷரீஅத் கூறும் நிபந்தனைகள் நிறைவேறினால் நிக்காஹ் கூடிவிடும். எழுத்து இல்லாததால் நிக்காஹ் செல்லாமல் போகாது. ஆனால் தவணைக் கடனைக்கூட எழுதி வைத்து, சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று சூரத்துன் நிஸாவின் 21ஆம் வசனம் குறிப்பிடுகிறது. பிள்ளைகள் இருந்தால் கணவரின் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு. அல்லாஹ் நிர்ணயித்த இந்தப் பங்கு ஒரு விதவையின் கைக்கு வந்து சேர, அவர் மனைவி என்பது முதலில் நிரூபணமாக வேண்டும். எனவே பதிவு என்பது வெறும் அலுவலகச் சடங்கு அல்ல, ஒரு பெண்ணின் ஹக்கைக் காக்கும் வேலி.

இரண்டு இடங்கள், இரண்டு பதிவுகள்

ஒன்று, நிக்காஹ் நடந்த ஜமாஅத்தின் தஃப்தர். மற்றொன்று, அரசின் பதிவுத்துறை வைத்திருக்கும் திருமணப் பதிவேடு. இவற்றை ஒன்றென்று நினைப்பதுதான் பலருடைய அலைச்சலுக்குக் காரணம். தஃப்தரில் கையெழுத்துப் போட்டதாலேயே அரசிடம் பதிவாகிவிடாது.

எல்லா மதத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 24 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிக்காஹ் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிக்காஹ் தேதியை. 2009 நவம்பர் 24க்கு முந்தைய நிக்காஹ் என்றால் பெரும்பாலும் ஜமாஅத் தஃப்தர்தான் ஆதாரம். அதற்குப் பிந்தையது என்றால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

தஃப்தரில் தேடும்போது

நம் பகுதி வழக்கப்படி நிக்காஹ் பெண் வீட்டார் ஊரிலும் நடக்கும், மாப்பிள்ளை ஊரிலும் நடக்கும், மண்டபத்திலும் நடக்கும். எந்த ஜமாஅத்தின் புத்தகத்தில் எழுதினார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் உறுதி செய்யுங்கள். பழைய திருமண அழைப்பிதழ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய தஃப்தர்களில் ஹிஜ்ரி தேதி மட்டும் இருக்கலாம். ஹிஜ்ரி 1400 தொடங்கியது 1979 நவம்பரில். அதை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டு பிடிபட்டுவிடும். சில பக்கங்கள் அரபுத் தமிழில் இருந்தால் ஆலிம் ஒருவரைக் கொண்டு படித்துக்கொள்ளுங்கள். முகவரியில் 'மதுரை மாவட்டம்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பகுதியில்தான்.

வாய்மொழியாகக் கேட்காமல் ஜமாஅத் தலைவருக்கோ முத்தவல்லிக்கோ ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கணவன், மனைவி, இருவரின் தந்தையர் பெயர், நிக்காஹ் நடந்த தேதி அல்லது ஆண்டு, நடந்த இடம், எதற்காகத் தேவை என்பதை எழுதி, அடையாளச் சான்றின் நகலை இணையுங்கள். தஃப்தரின் அந்தப் பக்கத்தின் நகலையும், பக்க எண், வரிசை எண் குறிப்பிட்டு ஜமாஅத் கடிதத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட சான்றையும் சேர்த்தே கேளுங்கள்.

பெயரில் எழுத்து வேறுபாடு இருந்தால் தஃப்தரில் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய பக்கம் சந்தேகத்துக்கு இடமாகும். உள்ளது உள்ளபடி நகல் வாங்கி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குத் தனியாகச் சான்று பெறுவதே முறை.

அரசுப் பதிவில் தேடும்போது

சட்டம் வந்த காலத்தில் நிக்காஹ் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய முடிந்தது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மணமகன் அல்லது மணமகளின் வசிப்பிடத்துக்குரிய அலுவலகத்திலும் பதியலாம். எனவே பழைய பதிவை நிக்காஹ் நடந்த ஊரின் அலுவலகத்தில் தேடுங்கள். புதிய பதிவு மூன்றில் எங்கும் இருக்கலாம்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் பதறத் தேவையில்லை. பதிவேடு அலுவலகத்தில் இருக்கும். பதிவு எண், ஆண்டு, இருவரின் பெயர் தெரிந்தால் நேரில் மனு கொடுத்துச் சான்றிட்ட நகல் பெறலாம். பதிவுத்துறையின் இணையதளத்திலும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கும் வசதி உண்டு. பதிவு செய்யப் போனபோது மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்த நிக்காஹ்

ஏலத்தோட்ட வேலைக்காக நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை, குமுளிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் நம்மில் பல. அங்கே நிக்காஹ் நடந்திருந்தால் இங்குள்ள சார்பதிவாளரிடம் தேடிப் பயனில்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் பொது விதிகளின்படி எல்லா மதத்தார் திருமணங்களும் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பைப் பதிகிற இடத்திலேயே பதிவாகின்றன. நிக்காஹ் நடந்த இடம் எந்த ஊராட்சி என்று தெரிந்துகொண்டு அங்கே கேளுங்கள்.

வெளிநாட்டில் கணவர் இருந்தால்

குடும்ப விசாவுக்கு அரசுச் சான்றிதழ்தான் வேண்டும். அதற்கு மாநில அரசின் சான்றொப்பமும், பிறகு வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும் தேவை. சவூதி, ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகள் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதில் சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். விசா கைக்கு வந்த பிறகு ஓடாமல், நிக்காஹ் முடிந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

பழைய நிக்காஹுக்கு அரசுச் சான்று வேண்டுமென்றால், "சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம், சுலபம்" என்று சிலர் வழி சொல்வார்கள். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிய இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் அப்படிப் பதிந்தால், அந்தத் தம்பதியின் சொத்து ஷரீஅத் பாகப்பிரிவினைப்படி அல்லாமல் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். விவரம் தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளைகள் காலத்தில் வருந்தும் நிலை வரக்கூடாது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிகிறோம் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதேபோல் நோட்டரியிடம் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் திருமணப் பதிவு ஆகாது. அது துணை ஆதாரம் மட்டுமே.

எங்குமே கிடைக்காவிட்டால்

அப்போதும் வாசல் அடைபட்டுவிடவில்லை. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்ததையும், ஊர் அறிய ஏற்றுக்கொண்டதையும் நீதிமன்றங்கள் ஆதாரமாகக் கருதுகின்றன. திருமண நிலையை உறுதி செய்யும்படி குடும்ப நல நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத் தொடர 1984ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. உயிரோடு உள்ள சாட்சிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், குடும்ப அட்டை, பழைய நிழற்படங்கள், அழைப்பிதழ் எல்லாம் அங்கே பேசும். ஆனால் செலவும் காலமும் ஆகும். சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு

தஃப்தர் நிர்வாகியின் சொத்தல்ல, அமானிதம். நிர்வாகம் மாறும்போது சாவியோடு தஃப்தரையும் எண்ணி, எழுதி ஒப்படையுங்கள். பக்கங்களை ஒளிப்படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். சந்தா பாக்கி, ஊர்ப் பிணக்கு என்று காரணம் சொல்லி நகலை மறுக்காதீர்கள். அது அவர்களுடைய ஹக். நிக்காஹ் மஜ்லிஸ் முடிந்ததுமே பதிவுத்துறைக்குத் தேவையான சான்றையும் கையில் கொடுத்துவிட்டால் எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

அந்தச் சகோதரிக்கு நகல் கிடைத்தது. அதை வாங்கியவர், முதலில் தம் அத்தாவின் கையெழுத்தைத்தான் தடவிப் பார்த்தார்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நிக்காஹ் பதிவு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெற்றோருடையதையும் கேளுங்கள். அமானிதங்களைப் பேணும் கூட்டத்தில் நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.