ஆற்றை மறித்து விலாங்கு வேட்டை
சில இருட்டு இரவுகளில் ஒரு வருடப் பிழைப்பு!

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்த விலாங்கை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் அமெரிக்காவில் உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களுக்கு எல்லையாக ஓடுவது டெலவர் ஆறு. ஹான்காக் என்ற ஊரில் அதன் இரு கிளைகளும் ஒன்று சேருகின்றன. அங்கிருந்து கடல் வரை ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு கிடையாது. அதனால் கடலில் பிறக்கும் விலாங்குக் குஞ்சுகள் தடையின்றி ஆற்றில் ஏறி வருகின்றன.

தாய்வீட்டுப் பயணம்

பல ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்த பெண் விலாங்குகள், முட்டையிட மீண்டும் கடலுக்குக் கிளம்பும். அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள சர்காசோ கடல்தான் அவற்றின் பிறந்த வீடு. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது போலத்தான்! ஆனால் போனவை திரும்புவதில்லை. முட்டையிட்டதும் இறந்துவிடும்.

பயணம் கிளம்பிய விலாங்கு இரை எடுக்காது. தூண்டில் போட்டுப் பயனில்லை. வழியை மறித்துத்தான் பிடிக்க வேண்டும்.

கல் சுவர்

கோடையில் தண்ணீர் குறைந்ததும் ஆற்றில் இறங்கி, அங்கே கிடக்கும் கற்களையே அடுக்கி இரண்டு நீண்ட சுவர்கள் எழுப்புகிறார்கள். மேற்புறம் அகன்று, கீழே போகப் போகக் குறுகிவரும். குறுகிய முனையில் மரச்சட்டங்களால் ஆன தட்டி. தண்ணீர் இடுக்கு வழியே விழுந்துவிடும். விலாங்கு தட்டியிலேயே தங்கிவிடும்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே லெனாபே பழங்குடியினர் கையாண்ட முறை இது.

அமாவாசை இருட்டு

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மழை பெய்து ஆறு பெருகும் இருட்டு இரவுகளில்தான் விலாங்கு கூட்டமாக இறங்கும். வருடம் முழுவதற்குமான மீனில் பெரும்பகுதி அந்தச் சில இரவுகளில் கிடைத்துவிடும். அன்று தூக்கம் ஏது? சருகு வந்து தட்டியை அடைக்கும். விடிய விடிய அள்ளிப் போட வேண்டும்.

மழை பெய்யாவிட்டால் மீன் இல்லை. மழை மிஞ்சினாலோ சுவரும் தட்டியும் வெள்ளத்தோடு போய்விடும். கோடை முழுவதும் கல் சுமந்த பாடு வீண்!

புகை வாசம்

பிடித்த விலாங்கை வழவழப்பு போகக் கழுவி, குடல் நீக்கி, உப்பு நீரில் ஊறவைப்பார்கள். பிறகு புகைக்கூடத்தில் ஆப்பிள் மரக்கட்டைப் புகையில் பல மணி நேரம் வேகவிடுவார்கள். கொழுப்பு உருகி மீன் பொன்னிறமாகும். பச்சை மீனைவிட நாள்பட இருக்கும், விலையும் கூடும்.

முன்பு பலர் செய்த இந்தத் தொழில் அருகிவிட்டது. முதல் தேதி சம்பளக் கவரை வாங்கும்போதே இந்த மாதம் எப்படித் தள்ளுவது என்று கணக்குப் போடுகிறவர்கள் நாம். வானம் பார்த்து, இருட்டு பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள்!